குறை வேறு, பராமரிப்பு வேறு: புதுக் குடியிருப்பின் பொதுப் பகுதிகளைக் கையில் வாங்கும் முன்

கேள்வியின் சுருக்கம் இது. எண்பத்து நான்கு வீடுகள் உள்ள புதுக் குடியிருப்பு. சாவி வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. பூங்காவில் நட்டதெல்லாம் கருகிவிட்டது, தெருவிளக்கில் பாதி எரிவதில்லை, மூன்றாம் தெரு முனையில் மழை பெய்தால் இரண்டு நாள் தண்ணீர் நிற்கிறது. விளையாட்டுத் திடலை ஒட்டிய மண்தாங்கு சுவர் சாய ஆரம்பித்திருக்கிறது. பராமரிப்புக் கட்டணம் மட்டும் இரண்டு முறை ஏறிவிட்டது. பில்டரைக் கேட்டால் பராமரிப்பு நிறுவனத்தைக் கைகாட்டுகிறார், நிறுவனத்தைக் கேட்டால் பில்டரைக் கைகாட்டுகிறது. இதற்கிடையில், அடுத்த மாதம் எல்லாவற்றையும் குடியிருப்போர் சங்கம் ஏற்றுக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும் என்று பில்டரிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. கட்டணத்தை நிறுத்திவிடலாம் என்கிறார்கள் அக்கம்பக்கத்தார் சிலர். என்ன செய்வது?

முதலில் அந்தச் சுவர். மற்றதெல்லாம் ஒரு வாரம் பொறுக்கலாம், இது பொறுக்காது. சுவர் எவ்வளவு உயரமோ அதைவிடக் கூடுதலான தூரத்துக்குக் கயிறு கட்டி, இன்றைக்கே குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல் நிறுத்துங்கள். பில்டருக்கும் உள்ளூர்க் கட்டட அனுமதி அலுவலகத்துக்கும் படத்தோடு இன்றைய தேதியிட்டுக் கடிதம் அனுப்புங்கள். மண்தாங்கு சுவர் பெரும்பாலும் தண்ணீரால்தான் சாயும். பின்பக்க மண்ணில் இறங்கும் மழைநீர் வெளியேறச் சுவரில் துளைகள் விட்டிருக்க வேண்டும். அவை அடைபட்டாலோ, விடவே மறந்திருந்தாலோ, ஊறிய மண்ணும் நீரும் சேர்ந்து சுவரைத் தள்ளும். யாராவது கொத்தனாரைக் கூட்டிவந்து விரிசலைப் பூச முன்வந்தால் தடுத்துவிடுங்கள். பூச்சு, சாட்சியை மறைக்குமே தவிர சாய்வை நிறுத்தாது. விரிசலின் இரு பக்கமும் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள், மேலிருந்து தூக்குக்குண்டு விட்டு இடைவெளியை அளந்து வையுங்கள். வாரம் ஒருமுறை அளந்தால் சுவர் நகர்கிறதா என்பது தெரிந்துவிடும். நகர்வது தெரிந்தால் அடுத்த அளவுக்குக் காத்திருக்காமல் ஒரு கட்டமைப்புப் பொறியாளரை உடனே வரவழைத்துவிடுங்கள்.

இனி மற்றவை. கட்டி முடித்த குடியிருப்புகளைக் குடியிருப்போர் சார்பில் சோதித்துக் கொடுப்பதுதான் பல வருடங்களாக என் வேலை. உங்கள் பட்டியலைப் படித்ததும் பட்டது இதுதான்: நீங்கள் எல்லாவற்றையும் ‘பராமரிப்பு சரியில்லை’ என்ற ஒரே மூட்டையில் கட்டியிருக்கிறீர்கள். பில்டருக்கு அதுதான் வசதி. அந்த மூட்டையை அவிழ்த்து, கட்டும்போதே வந்த குறை எது, கட்டிய பிறகு கவனிக்காமல் விட்டது எது என்று பிரித்தால் பாதி வழக்கு முடிந்த மாதிரி. குறையைச் சரிசெய்வது பில்டரின் செலவு. கவனிப்பது உங்கள் கட்டணத்தில் நடக்க வேண்டியது. இரண்டும் கலந்தால் பில்டரின் கடனை நீங்கள் மாதாமாதம் அடைத்துக்கொண்டிருப்பீர்கள். கட்டணம் இரண்டு முறை ஏறியதற்குக் காரணமே இதுவாக இருக்கலாம்.

உங்கள் பட்டியலையே எடுத்துக்கொள்வோம். மூன்றாம் தெரு முனையில் தண்ணீர் நிற்பதற்குச் சில காரணங்கள் இருக்கலாம். வடிகாலில் இலையும் மண்ணும் அடைத்திருந்தால் அது பராமரிப்பு. சாலையின் சரிவு வடிகாலை நோக்கி இல்லாமல் எதிர்ப்பக்கம் இருந்தாலோ, அடித்தளம் சரியாக இறுக்கப்படாமல் சாலை அமுங்கியிருந்தாலோ அது குறை. எப்படிக் கண்டுபிடிப்பது? வடிகாலைத் தூர்வாரிவிட்டு, காய்ந்த நாளில் ஒரு டேங்கர் தண்ணீரைச் சாலையில் விட்டுப் பாருங்கள். வடிகால் வாயருகே போகாமல் நடுவிலேயே குளம் கட்டினால், எவ்வளவு தூர்வாரினாலும் பயனில்லை. வாய்வரை போய்விட்டு உள்ளே இறங்காவிட்டால் குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும். கட்டும்போது உள்ளே விழுந்த கான்கிரீட் கட்டியாகி, குழாயைப் பாதி அடைத்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

தெருவிளக்கும் அப்படித்தான். பல்பு போனால் பராமரிப்பு. மழை பெய்தால் மட்டும் வரிசையாக அணைந்து, வெயில் வந்ததும் எரிந்தால், மண்ணுக்குள் இருக்கும் கேபிள் இணைப்பில் நீர் புகுகிறது என்று பொருள். அது குறை மட்டுமல்ல, ஆபத்தும்கூட. ஒவ்வொரு கம்பத்திலும் எர்த் இணைப்பு சரியாக இருக்கிறதா என்று உரிமம் பெற்ற மின்பணியாளரை வைத்து அளந்து எழுத்தில் வாங்குங்கள்.

செடிகள் கருகியதற்குத் தோட்டக்காரரைத் திட்டுவதற்கு முன்னால், பூங்காவில் இரண்டு மூன்று இடத்தில் ஒரு முழம் தோண்டிப் பாருங்கள். மேலே நான்கு விரல்கடை நல்ல மண், கீழே உடைந்த செங்கல்லும் சிமென்ட் கலவையும் கிடந்தால், வருடா வருடம் புதுச் செடி வாங்கி நட்டாலும் அதே கதைதான். ஒரு குடியிருப்பில் மூன்று பருவம் செடிக்காகச் செலவழித்தார்கள். நான்காவது முறை நடுமுன் தோண்டியபோது கட்டட இடிபாடு முழுவதும் அங்கே புதைந்திருந்தது. அந்த மூன்று பருவச் செலவும் குடியிருப்போர் தந்த கட்டணம்.

இந்தப் பிரிப்பு ஏன் அவசரம் என்றால், குறைக்குக் காலக்கெடு உண்டு. இந்தியாவின் 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டத்தில், உடைமை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்பிலோ வேலைத்தரத்திலோ குறை தெரிந்து பில்டரிடம் சொன்னால், கூடுதல் பணம் வாங்காமல் அவர் 30 நாளில் சரிசெய்ய வேண்டும். மலேசியாவில் அந்தப் பொறுப்புக் காலம் வழக்கமாக 24 மாதம், சிங்கப்பூரில் 12 மாதம். உங்கள் ஊர்ச் சட்டமும் விற்பனை ஒப்பந்தமும் எந்தக் கணக்குச் சொல்கின்றன, எந்தத் தேதியிலிருந்து எண்ணத் தொடங்குகின்றன என்பதை இந்த வாரமே பார்த்துவிடுங்கள். பொதுப் பகுதிக்கு எது தொடக்கத் தேதி என்பதில் குழப்பம் இருந்தால், எல்லாவற்றிலும் முந்திய தேதியையே கெடுவாக எடுத்துக்கொள்ளுங்கள். கெடு முடிந்த பிறகு தெரிந்த குறைக்கும் வழி உண்டு, ஆனால் அது வழக்கறிஞரோடு நடக்க வேண்டிய நீண்ட வழி.

குறையைப் பராமரிப்பாக நினைத்துத் தள்ளிப்போட்டால் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு அமெரிக்காவில், மயாமிக்குப் பக்கத்தில் உள்ள சர்ப்சைடு என்ற ஊரில் நடந்ததை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். நீச்சல்குளத் தளம் தண்ணீர் வடியச் சரிவே இல்லாமல் தட்டையாகக் கட்டப்பட்டிருக்கிறது, நீர்க்காப்பு கெட்டுக் கீழே கான்கிரீட் சேதமாகிறது என்று 2018இலேயே ஒரு பொறியாளர் எழுதிக் கொடுத்தார். பணம் எங்கே, யார் தருவது என்ற பேச்சிலேயே வருடங்கள் போயின. 2021 ஜூன் 24 அதிகாலையில் அந்த 12 மாடிக் கட்டடத்தின் ஒரு பெரிய பகுதி இடிந்து 98 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் புளோரிடா மாநிலம், மூன்று மாடியும் அதற்கு மேலும் உள்ள கூட்டுடைமைக் கட்டடங்களுக்கு, கட்டமைப்பைப் பழுதுபார்க்க எவ்வளவு சேமிக்க வேண்டும் என்று கணக்கிடும் ஆய்வைக் கட்டாயமாக்கியது. உங்களுடையது தனி வீடுகள் என்று அலட்சியம் வேண்டாம். சாய்ந்த சுவர் ஒன்று உங்களிடமும் இருக்கிறது.

அடுத்தது, எது யாருடையது? இதை ஊகத்தில் விடாதீர்கள். அனுமதி பெற்ற மனைவரைபடத்தைப் பெரிதாக அச்செடுத்து ஒரு மேசையில் விரித்து, நான்கைந்து பேர் உட்கார்ந்து வண்ணம் தீட்டுங்கள். உள்ளாட்சிக்கு ஒப்படைத்த நிலம் ஒரு நிறம், ஒப்படைக்க வேண்டியிருந்தும் இன்னும் ஒப்படைக்காதது இன்னொரு நிறம், சங்கத்துக்கு வரவேண்டியது மற்றொன்று, பில்டர் தனக்கென வைத்துக்கொண்டது வேறொன்று. எந்த நிறமும் பூச முடியாத ஒரு துண்டு எப்போதும் மிஞ்சும். வீடுகளின் பின்பக்கச் சந்து, மோட்டார் அறைக்குப் போகும் பாதை, எல்லைச் சுவருக்கு வெளியே உள்ள ஓடை என்று ஏதாவது ஒன்று. சண்டை எப்போதும் அங்கேதான் முளைக்கும்.

சாலையும் வடிகாலும் உள்ளாட்சி ஏற்க வேண்டியவை என்றால், பில்டர் அங்கே வைப்புத்தொகையோ வங்கி உத்தரவாதமோ கட்டியிருக்க வாய்ப்பு உண்டு. அது இன்னும் உயிரோடு இருக்கிறதா, எப்போது காலாவதியாகிறது என்று எழுதிக் கேளுங்கள். பில்டரை அசைப்பதற்கு இதைவிட நல்ல நெம்புகோல் எனக்குத் தெரியாது. ‘அந்தக் குறைகள் தீரும்வரை உத்தரவாதத்தை விடுவிக்காதீர்கள்’ என்று எண்பத்து நான்கு வீட்டுக் கையெழுத்தோடு ஒரு மனு உள்ளாட்சிக்குப் போனால், பதில் வராமல் இருந்த தொலைபேசிகள் பேச ஆரம்பிக்கும். அயர்லாந்தின் 2000ஆம் ஆண்டு திட்டமிடல் சட்டம் இதற்குத் தெளிவான வழியே வகுத்தது. அனுமதிப்படி முடிக்கப்பட்ட குடியிருப்பில் வீட்டு உரிமையாளர்களில் பெரும்பான்மையோர் கேட்டுக்கொண்டால், சாலை, கழிவுநீர்க் குழாய் போன்றவற்றை ஏற்கும் நடைமுறையை உள்ளாட்சி தொடங்கியாக வேண்டும் என்றது அது.

கட்டணத்தை நிறுத்துவது பற்றி. வேண்டாம். உங்கள் கோபம் நியாயமானது, வழி தவறானது. நிறுத்தினால் முதலில் நிற்பது காவலும் மோட்டாரும்தான். பிறகு பாக்கிதாரர் என்ற பெயர் உங்கள் மேல் விழும், பேச்சு குறையிலிருந்து பாக்கிக்குத் திரும்பிவிடும். சில நாடுகளில் விளைவு இன்னும் கடுமை. இங்கிலாந்தில் ஒருவகை எஸ்டேட் கட்டணத்தில், அதாவது குடியிருப்பின் பொதுப் பகுதிக்கான கட்டணத்தில், 40 நாள் பாக்கி விழுந்தாலே அந்த வீட்டின் மேலேயே குத்தகை உரிமை எடுக்க 1925ஆம் ஆண்டுச் சொத்துச் சட்டம் வழி வைத்தது. ஆகவே கட்டணத்தைக் கட்டுங்கள். ‘ஆட்சேபத்தோடு கட்டுகிறோம், கணக்குக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை’ என்று ஒவ்வொரு முறையும் எழுதிக் கட்டுங்கள்.

கணக்கைக் கேளுங்கள், விடாமல் கேளுங்கள். ஆண்டு வரவு செலவு ஒரு பக்கத்தில் வந்தால் போதாது. ரசீதுகள், துப்புரவு, காவல், தோட்டம் ஆகியவற்றின் ஒப்பந்தங்கள், பராமரிப்பு நிறுவனத்தின் கட்டணம், அந்த நிறுவனத்தின் உரிமையாளர் யார், பில்டரோடு அவருக்கு என்ன உறவு, ஒப்பந்தத்தை எத்தனை நாள் முன்னறிவிப்பில் முடிக்கலாம் என்பதெல்லாம் வேண்டும். இது உங்களுக்கு மட்டும் நேர்வதல்ல. பிரிட்டனின் போட்டி, சந்தைகள் ஆணையம் 2024 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வில், 2021-22இல் அங்குள்ள 11 பெரிய கட்டுமான நிறுவனங்கள் விற்ற புது வீடுகளில் 80 விழுக்காடு இப்படித் தனியார் எஸ்டேட் கட்டணத்துக்குள் வந்தவை என்று கண்டது.

கணக்கில் நான் முதலில் தேடுவது விற்காத வீடுகளைத்தான். எண்பத்து நான்கில் எத்தனை இன்னும் பில்டர் பெயரில் இருக்கின்றன? அவற்றுக்கு அவர் கட்டணம் கட்டுகிறாரா? மலேசியாவில் விற்காத வீடுகளுக்குப் பில்டரே கட்ட வேண்டும் என்று 2013ஆம் ஆண்டு அடுக்குமனைச் சட்டம் சொல்கிறது. பல ஒப்பந்தங்களில் இது சொல்லப்படாமலே நழுவிவிடும். இருபது வீடு விற்காமல் இருந்தால், மீதி அறுபத்து நான்கு வீடு முழுச் சுமையையும் தாங்கும். கட்டணம் ஏன் ஏறியது என்பதற்கு விடை பெரும்பாலும் இந்த இரண்டு இடங்களில்தான் இருக்கும்: விற்காத வீடு, பில்டரின் குறையைத் தீர்க்கப் போன செலவு.

ஒற்றுமை பற்றி நீளமாகச் சொல்ல மாட்டேன், ஒன்றை மட்டும் சொல்கிறேன். வாட்ஸ்அப் குழுவில் நாளுக்கு நூறு கோபச் செய்தி போவதால் பில்டருக்கு ஒன்றும் ஆவதில்லை. அவர் ஒவ்வொருவரிடமும் தனியாகப் பேசி, ஒருவருக்கு வீட்டுக் கதவைச் சரிசெய்து கொடுத்து, இன்னொருவரை அமைதிப்படுத்திவிடுவார். தெருவுக்கு ஒருவர் என்று ஐந்தாறு பேரைத் தேர்ந்தெடுத்து, இனிப் பொதுப் பகுதி பற்றிய பேச்செல்லாம் இவர்கள் வழியாக, எழுத்தில் மட்டும் என்று தீர்மானம் போடுங்கள். கடிதத்தில் வசை வேண்டாம். குறையின் வரிசை எண், இடம், படம், என்ன செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள், இவ்வளவு போதும். ‘தெருவிளக்குகள் எரிவதில்லை’ என்று எழுதினால் ‘கவனிக்கிறோம்’ என்று பதில் வரும். ‘கம்பம் 7, 9, 12 மழையன்று அணைகின்றன, இணைப்புப் பெட்டி படம் 4இல்’ என்று எழுதினால் ஆள் வருவார்.

இப்போது நீங்கள் உண்மையில் பதில் எதிர்பார்க்கும் இடத்துக்கு வருகிறேன்: அடுத்த மாதக் கையெழுத்து.

ஒப்படைப்பை மறுக்கவும் வேண்டாம், அப்படியே ஏற்கவும் வேண்டாம். மறுத்துக்கொண்டே இருந்தால் பழைய நிறுவனத்தின் கையில்தான் எல்லாம் கிடக்கும். அப்படியே கையெழுத்திட்டால், பார்த்துத் திருப்தியடைந்துதானே வாங்கினீர்கள் என்ற கேள்வி பின்னால் வரும். அதனால் ஒப்படைப்புக்கு முன் பில்டரோடு தொடர்பில்லாத ஒரு பொறியாளரை அமர்த்துங்கள். எண்பத்து நான்கு வீடு பகிர்ந்துகொண்டால் அந்தச் செலவு யாருக்கும் பாரமாக இருக்காது. அவர் ஒருமுறை மழை விட்ட கையோடு நடக்க வேண்டும், ஒருமுறை இருட்டிய பிறகு. எல்லா மோட்டாரையும் ஒரே நேரத்தில் ஓடவிட வேண்டும். ஜெனரேட்டர் இருந்தால் சுமையேற்றி அரை மணி நேரமாவது ஓட்ட வேண்டும். தீயணைப்புக் குழாய் இருந்தால் கடைசி முனையில் அழுத்தம் அளக்க வேண்டும். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் வெளியேறும் நீரின் மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும்.

பொருளைப் போலவே காகிதமும் முக்கியம். அனுமதிக்குக் கொடுத்த வரைபடம் அல்ல, கட்டி முடித்தபடி இருக்கும் வரைபடம் வேண்டும். குழாயும் கேபிளும் எந்த ஆழத்தில் எங்கே போகின்றன என்பது அதில்தான் இருக்கும். ஒரு குடியிருப்பில் நள்ளிரவில் பிரதானக் குழாய் வெடித்தது. அடைக்கும் வால்வு எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. விடியும்வரை தண்ணீர் ஓடியது. கடைசியில் அழகுக்காகப் போட்ட புல்தரைக்கு அடியில் அது கிடந்தது. வரைபடத்தோடு, மோட்டார் முதலியவற்றின் உத்தரவாத அட்டைகள், இயக்கக் குறிப்பேடுகள், சர்வீஸ் பதிவுகள், அனுமதிச் சான்றுகள், காப்பீடு, மின்னிணைப்பும் குடிநீர் இணைப்பும் யார் பெயரில் என்ற விவரம், வாயிற்கதவுக் கட்டுப்பாட்டின் கடவுச்சொல், எல்லாச் சாவிகள், பெரிய பழுதுக்கும் மாற்றத்துக்கும் என்று இதுவரை வசூலித்த சேமிப்பு நிதியின் வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாம் வேண்டும். கூடவே பொதுநிலத்தின் பத்திரம். பராமரிப்பை மட்டும் ஒப்படைத்து நிலத்தைத் தன் பெயரிலேயே வைத்துக்கொள்ளும் பில்டர்கள் உண்டு. இந்தியச் சட்டம் பொதுப் பகுதியின் உரிமையையே சங்கத்துக்குப் பதிவு செய்து தரச் சொல்கிறது. பாதையும் பூங்காவும் அவர் பெயரில் இருந்தால் நாளைக்கு அதே இடத்தில் இன்னொரு கட்டடம் எழுப்ப அனுமதி கேட்பார்.

ஏற்ற பிறகு சேமிப்பு நிதியை முதல் மாதத்திலிருந்தே தனிக் கணக்கில் போடுங்கள். மலேசியாவில் பராமரிப்புக் கட்டணத்தின் 10 விழுக்காடு இதற்குப் போக வேண்டும் என்பது சட்டம். விழுக்காட்டைவிட நல்ல வழி, மோட்டார், சாலை மேற்பூச்சு, கம்பங்கள் என்று ஒவ்வொன்றையும் எழுதி, மாற்ற ஆகும் செலவை மிச்ச ஆயுளால் வகுத்து, பிறகு வீடுகளால் வகுப்பது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் கூட்டுடைமைக் குடியிருப்பு ஒவ்வொன்றும் இப்படிப் பத்தாண்டுத் திட்டம் வைத்திருக்க வேண்டும். தோட்டம், துப்புரவு ஒப்பந்தங்களில் ‘மாதம் இரண்டு முறை’ என்று எழுதாமல், புல் எவ்வளவு உயரத்தைத் தாண்டக் கூடாது, வடிகால் மழைக்காலத்துக்கு முன் எந்தத் தேதிக்குள் தூர்வாரப்பட வேண்டும் என்று விளைவை எழுதுங்கள். பாக்கி வைக்கும் வீடுகளிடம் எடுத்த எடுப்பில் தண்ணீரை நிறுத்தும் வேலைக்குப் போகாதீர்கள். பொதுவளங்களை மக்களே தலைமுறை தலைமுறையாகப் பேணிய ஊர்களை ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், அங்கெல்லாம் தண்டனை சிறிதாகத் தொடங்கிப் படிப்படியாகக் கூடியதைக் கண்டார். முதலில் ஒரு நினைவூட்டல், பிறகு சிறு அபராதம், பிறகு சட்டம்.

ஒப்படைப்புக் கடிதத்தில் உங்கள் கையெழுத்துக்கு மேலே வரவேண்டிய வாசகம் இது. உள்ளூர் வழக்கறிஞரிடம் ஒருமுறை காட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள்: ‘இணைப்பில் உள்ள குறைகள் நீங்கலாக, அன்றாடப் பராமரிப்பை மட்டும் இந்தத் தேதி முதல் சங்கம் ஏற்கிறது. இணைப்பிலுள்ள குறைகளையும், இன்று கண்ணுக்குத் தெரியாமல் பொறுப்புக் காலத்துக்குள் தெரியவரும் குறைகளையும் சரிசெய்யும் கடமை கட்டுநருக்கே தொடர்கிறது. இந்த ஏற்பு, வேலை திருப்தியாக முடிந்தது என்பதற்கான ஒப்புதல் ஆகாது.’ இணைப்பில் முதல் வரி அந்தச் சுவர். ஒவ்வொரு பக்கத்திலும் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். பில்டர் இணைப்பில் கையெழுத்திட மறுத்தால், அன்றைக்கே அதைப் பதிவுத் தபாலில் அவருக்கு அனுப்பி, ரசீதை ஒப்படைப்புக் கோப்பில் முதல் தாளாக வையுங்கள்.